ஒரு படம், ஒரு கதை: எங்கள் படக் கூட்டத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு சாயங்காலம், ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த படம் ஒன்றைக் கொண்டுவந்து அதன் கதையைச் சொல்லுவார். சங்கமும் இல்லை, சந்தாவும் இல்லை. தொண்டியிலிருந்தும் வருகிறார்கள், சாயல்குடியிலிருந்தும் வருகிறார்கள். பஸ்ஸிலும் ஏலக்கூடத்திலும் கல்யாண வீட்டிலும் என்னை நிறுத்தி ஆட்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு படம்தான் கொண்டுவரணுமா? என் போன்லயே நாலாயிரம் இருக்கு.

ஒன்றே ஒன்றுதான். நாலாயிரத்திலிருந்து ஒன்றைப் பொறுக்கும்போதே பாதிக் கதை உங்களுக்குப் பிடிபட்டுவிடும். ஆல்பத்தோடு வந்தால் பக்கம் புரட்டுவதிலேயே நேரம் போய்விடும். "இது சித்தி, இது திருச்செந்தூர் போனப்போ" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொல்வோம், எதையும் யாரும் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எதை எடுப்பது என்று குழம்பினால் ஒன்று யோசித்துப் பாருங்கள். கடல் உள்ளே வருகிறது, கையில் ஒரு படத்தைத்தான் எடுத்துக்கொண்டு ஓடலாம். எதை எடுப்பீர்கள்? நம்ம கரையில் இது வெறும் பேச்சுக்குக் கேட்கும் கேள்வி இல்லை. அந்தப் படத்தைக் கொண்டுவாருங்கள்.

எனக்குப் போட்டோகிராபி எல்லாம் தெரியாது. வரலாமா?

தாராளமாக வாருங்கள். கேமரா கற்றவர்களும் வருகிறார்கள், பட்டன் போனிலேயே எடுத்தவர்களும் வருகிறார்கள். ஆட்டம் கண்ட படம், தலை வெட்டுப்பட்ட படம், வெளிச்சம் பட்டுப் பாதி வெளுத்த படம் எதுவும் தடையில்லை. மதிப்பெண் போட ஆள் கிடையாது. உங்களுக்கு அந்தப் படம் ஏன் வேண்டும் என்பதுதான் எங்களுக்கு வேண்டும்.

பாம்பன் பாலம், அரிச்சல்முனை சூரிய உதயம், பூநாரை... இதெல்லாம் எல்லாரும் எடுக்கிறதுதானே. கொண்டுவந்தா பரவாயில்லையா?

பரவாயில்லை. ஆனால் உங்கள் பாலத்தைக் கொண்டுவாருங்கள். பழைய பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறந்தது, 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது, புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தது. இந்தத் தேதிகள் எல்லாருக்கும் பொது. ராமேஸ்வரத்து அக்கா ஒருவர் கொண்டுவந்த படத்தில் பாலமே சரியாகத் தெரியாது. ரயில் ஜன்னல் கம்பி, அதைப் பிடித்திருக்கும் ஒரு சின்னக் கை, கீழே தண்ணீர், அவ்வளவுதான். மகளுக்குக் காய்ச்சல் கண்டு மதுரைக்குப் போய், குணமாகித் திரும்பி வந்த நாள் அது. பாலத்தில் ரயில் மெதுவாக ஊர்ந்தபோது பிள்ளை முதல்தடவையாக எழுந்து உட்கார்ந்து "அம்மா, கடல்" என்றிருக்கிறாள். நான் பார்த்த பாம்பன் பாலப் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

பூநாரைக்கும் இதே பதில். தனுஷ்கோடியில் 2025இல் பூநாரைச் சரணாலயம் அறிவித்த பிறகு கேமராவோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பறவை பறக்கும் காட்சி வேண்டும் என்று கல்லெறிந்து கிளப்பி எடுத்த படத்தை மட்டும் கொண்டுவராதீர்கள். அத்தனை தூரம் பறந்து வந்து இரை மேய்கிற பறவையைத் துரத்தி எடுத்த படத்தைப் பார்க்க எங்களுக்கு மனசு வராது.

எனக்குக் கோர்வையாப் பேச வராது. கதையை எப்படிச் சொல்றது?

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் படுவதைச் சொல்ல ஆரம்பியுங்கள். யார் யார் நிற்கிறார்கள், எந்த இடம், பின்னால் தெரிவது என்ன. அப்புறம் படத்தில் தெரியாததற்கு வாருங்கள். எடுத்தவர் யார்? எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது? எடுத்த பிறகு எல்லாரும் எங்கே போனார்கள்? யார் வராமல் போனார், ஏன்?

எடுத்தவர் யார் என்ற கேள்வியை நாங்கள் எல்லாரிடமும் கேட்கிறோம், ஏனென்றால் பெரும்பாலும் அதை யாரும் சொல்வதில்லை. குடும்பத்தில் கேமரா வைத்திருந்த மாமா ஒருவர் இருந்திருப்பார். எல்லார் கல்யாணத்திலும் அவர்தான் எடுத்திருப்பார், ஆனால் அவர் இருக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இருக்காது. ஏர்வாடியிலிருந்து வரும் தம்பி ஒருவன் தன் அத்தாவின் படம் என்று கொண்டுவந்ததில் அத்தாவே இல்லை. கடற்கரை மணலில் உம்மாவும் மூன்று பிள்ளைகளும் நிற்கிறார்கள், அவர்கள் காலடியில் நீளமாக ஒரு நிழல் விழுந்திருக்கிறது. படம் எடுத்த அத்தாவின் நிழல் அது. சவூதிக்குப் புறப்படுவதற்கு முந்தைய சாயங்காலம் எடுத்தாராம். அவன் மூன்று நிமிடம்கூடப் பேசவில்லை. கேட்ட எங்களுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

இது எந்த வருஷம்னே தெரியல. கேட்க ஆளும் இல்ல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் காகிதத்தைப் பாருங்கள். சின்னச் சதுரமான கறுப்பு வெள்ளைப் படம் என்றால், ஆக்ஃபா கிளிக் த்ரீ மாதிரியான பெட்டிக் கேமராவில் 120 ஃபிலிம் ரோலில் எடுத்ததாக இருக்கலாம். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான் வரும். அதனால்தான் அந்தக் காலத்துப் படங்களில் எல்லாரும் அவ்வளவு விறைப்பாக நிற்கிறார்கள், ஒன்றையும் வீணாக்க முடியாது. ஓரங்களில் வெள்ளி பூத்தது போல மினுங்கினால், ஈரக்காற்று பட்டுக் காகிதத்தில் உள்ள வெள்ளி மேலே வந்திருக்கிறது. கலர்ப் படம் முழுதும் சிவந்துபோயிருந்தால் எழுபதுகள், எண்பதுகளின் தொடக்கம் என்று தேடலாம். அந்தக் காலக் காகிதத்தில் மற்றச் சாயங்களைவிட நீலச்சாயம் சீக்கிரம் மங்கிவிடும்.

அப்புறம் படத்துக்குள் பாருங்கள். நம் ஊரில் அதற்கு நல்ல அடையாளங்கள் உண்டு. பாம்பனில் ரயில் பாலத்தின் பக்கத்தில் சாலைப் பாலம் முழுதாகத் தெரிந்தால், அது 1988இல் திறந்த பாலம். படகில் பாய்மரமா, இயந்திரமா என்று பாருங்கள். வலை பருத்தி நூலா, நைலானா என்று பெரியவர்களிடம் காட்டுங்கள், பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். ராமேஸ்வரத்துப் பெரியவர்களிடம் வருஷம் கேட்டால் யோசிப்பார்கள். "புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டுப் பாருங்கள், உடனே பதில் வரும். 1964 புயல்தான் அவர்களுக்குக் காலக்கோடு.

ஒரு உதாரணம். மண்டபத்து அண்ணன் ஒருவர் ஒரு சதுரப் படம் கொண்டுவந்தார். புது வல்லத்தை, அதாவது மரப்படகை, கடலில் இறக்கும் நாள். அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) மாலை போட்டிருக்கிறது, ஒன்பது பேர் நிற்கிறார்கள். தூரத்தில் ரயில் பாலம் தெரிகிறது, சாலைப் பாலத்தின் தூண் ஒன்றுகூட இல்லை. அந்த வேலை தொடங்கியது எழுபதுகளில். அவருடைய தாத்தா புயலில் ஒரு வல்லத்தை இழந்து, சில வருஷம் கழித்துத்தான் புதிது கட்டினாராம். ஆக அறுபதுகளின் கடைசிக்கும் எழுபதுகளின் முதல் பாதிக்கும் நடுவில் என்று வைத்துக்கொண்டோம். எட்டுப் பேருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஓரத்தில் கால்சட்டையோடு நிற்கும் ஒரு பையன் யார் என்று மட்டும் தெரியவில்லை.

மூலையில ஆரஞ்சு எழுத்துல தேதி இருக்கே, அதையே நம்பிரலாமா?

அப்படியே நம்பாதீர்கள். பேட்டரி மாற்றியதும் அந்தக் கேமராக்களில் தேதி பழைய இடத்துக்குப் போய்விடும், திரும்பச் சரிசெய்தவர்கள் குறைவு. பொங்கல் பானை பக்கத்தில் ஜூன் மாதத் தேதி போட்ட படம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஸ்கேன் செய்த கோப்பில் போன் காட்டும் தேதி ஸ்கேன் செய்த நாளைத்தான் குறிக்கும், படம் எடுத்த நாளை இல்லை.

பழைய படம் பிரேம் கண்ணாடியோட ஒட்டிப்போச்சு. எப்படிப் பிரிக்கிறது?

பிரிக்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். என் அப்பத்தாவின் ஒரே படத்தை நான் அப்படித்தான் கெடுத்தேன். வாடைக் காலம், சுவரெல்லாம் ஈரம். பிரேமைக் கழற்றி, ஒரு மூலையைப் பிடித்து மெதுவாகத்தான் இழுத்தேன். நெற்றியும் ஒரு கண்ணும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. மீதி என் கையில் வந்தது. இழுப்பதற்கு முன் அதை ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் முகமாவது மிஞ்சியிருக்கும்.

அதனால் முதல் வேலை, கண்ணாடியோடு சேர்த்துப் படம் எடுங்கள். நிழலான வராந்தாவில் வையுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். கண்ணாடியில் உங்கள் முகம் தெரிந்தால், ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுங்கள், பிரதிபலிப்பு போய்விடும். எடுத்த பிறகும் அந்தப் படத்தைக் கண்ணாடியோடே வைத்துக்கொள்வதுதான் நல்லது. தண்ணீரில் ஊறவைத்தால் பிரியும் என்று சிலர் சொல்வார்கள். சில கறுப்பு வெள்ளைப் படங்கள் பிரியவும் செய்யும். ஆனால் கையால் வண்ணம் தீட்டிய படத்தையும் இங்க்ஜெட்டில் அச்சடித்ததையும் தண்ணீர் கரைத்துவிடும். ஒரே பிரதி என்றால் அந்தச் சோதனை வேண்டாம்.

இனிமேல் பிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். மழை அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உள்சுவரில் மாட்டுங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும். நம் வீட்டுச் சுவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் எப்படி வேர்க்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆல்பத்துல பிளாஸ்டிக் தாளுக்கு அடியில பசையோட ஒட்டியிருக்கு. அதுவும் இதே கதைதானா?

கிட்டத்தட்ட. முதலில் பக்கத்தை அப்படியே படம் எடுத்துவிடுங்கள், மேலே சொன்ன அதே காரணத்துக்காக. அதன் பிறகு பிளாஸ்டிக்கைத் தூக்கிவிட்டு, மெழுகு பூசாத பல் நூலை (டென்டல் ஃபிளாஸ்) படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு ரம்பம் போல முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் பல படங்கள் வந்துவிடும். வர மறுத்தால் விட்டுவிடுங்கள். அந்த ஆல்பங்களின் பசை வருஷம் ஆக ஆக மஞ்சளாகிப் படத்தைத் தின்னும், அதனால் வருவதையாவது சீக்கிரம் எடுத்துக் காகித உறைக்கு மாற்றுங்கள். தகர டப்பாவில் வைத்தால் கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

போன்ல போட்டோ எடுத்தா போதாதா? ஸ்கேன் பண்ணியே ஆகணுமா?

கூட்டத்துக்குப் போன் படம் போதும். வீட்டுக்கு என்றால் ஸ்கேன் செய்துவிடுங்கள். போஸ்ட் கார்டு அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். மேலே சொன்ன சின்னச் சதுரப் படங்களுக்கும் பாஸ்போர்ட் அளவுக்கும் 1200 வையுங்கள், பெரிதாக்கினால்தான் சில விஷயங்கள் தெரியும். நெகட்டிவ் இருந்தால் அதை முதலில் செய்யுங்கள், 2400க்குக் குறையாமல். பிரிண்ட் போடும்போது ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், நெகட்டிவில் அது முழுதாக இருக்கும்.

சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். அப்படி நாலு கை மாறினால் முகத்தில் மூக்கும் வாயும் குழம்பிவிடும்.

படத்துக்குப் பின்னாடி பேர் எழுதலாமா? கெட்டுப்போகாதா?

எழுதுங்கள், எழுதியே ஆக வேண்டும். பேனா வேண்டாம். பால்பாயின்ட் முன்பக்கம் தடம் விழும், மைப்பேனா ஈரத்தில் பரவும். 2பி மாதிரி மென்மையான பென்சிலால், கெட்டியான மேசைமேல் கவிழ்த்து வைத்து, ஓரமாக லேசாக எழுதுங்கள். பின்பக்கம் பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று பென்சில் பிடிக்காமல் இருந்தால், படத்தைக் காகித உறையில் போட்டு உறைமேல் எழுதுங்கள்.

என்ன எழுதுவது என்பதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். "பெரியம்மா, மாமா, அக்கா" என்று எழுதினால் எழுதியவருக்கு மட்டும் புரியும். ஐம்பது வருஷம் கழித்து உங்கள் பேத்தி எடுத்துப் பார்க்கும்போது யாருக்கு மாமா என்று யாரைக் கேட்பாள்? இடமிருந்து வலமாக முழுப்பெயர், ஊர், தோராயமான வருஷம், எடுத்தவர் பெயர். தெரியாதவர் இருந்தால் "தெரியவில்லை" என்றே எழுதி இடம் விடுங்கள்.

எங்க வீட்டுல படமே இல்லையே. எல்லாம் புயல்ல போச்சு. நான் எதைக் கொண்டுவர்றது?

இந்தக் கேள்வியை நான் ஒரு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது ரயில் நிலையம், பள்ளிக்கூடம், சர்ச், தலைமன்னாருக்குக் கப்பல் போன துறை எல்லாம் போயின. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது. சுவரில் மாட்டியிருந்த படங்கள் கணக்கிலேயே வரவில்லை.

அப்போது ஒன்பது வயதான ஒரு அம்மா எங்கள் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வந்தார். தன் வீட்டில் மாட்டியிருந்த படத்தைச் சொல்லட்டுமா என்று கேட்டார். அப்பா நாற்காலியில், அம்மா பக்கத்தில் நின்றபடி, பின்னால் ஸ்டுடியோ திரையில் ஒரு மாடிப்படி. அம்மா தோளில் கை போட்டபடி அவருடைய அக்கா. அக்காவின் ஒரு கால் மட்டும் செருப்பில்லாமல், ஏனென்றால் வார் அறுந்துவிட்டது. அந்தச் செருப்பைப் பற்றி வீட்டில் எப்போதும் பேசிச் சிரிப்பார்களாம். அன்றைய இரவில் அக்காவும் போய்விட்டார். அவர் சொல்லச் சொல்ல ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டோம், கடைசியில் அவரே கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அதைவிடத் தெளிவான படம் வேறு எதுவும் வரவில்லை.

அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் சொந்தக்காரர் வீட்டில் இருக்கலாம். அந்தக் காலத்தில் கல்யாணப் படத்தைப் பிரிண்ட் போட்டு ஊர் ஊருக்கு அனுப்புவார்கள். மதுரையில், தூத்துக்குடியில், மன்னாரில் யாரோ ஒருவருடைய டிரங்குப் பெட்டியில் உங்கள் தாத்தா உட்கார்ந்திருக்கலாம். மேலே சொன்ன அந்த அம்மாவுக்கு அப்பா அம்மா இருக்கும் ஒரு குழுப் படம் பரமக்குடியில் கிடைத்தது. அக்கா அதில் இல்லை. ஆனாலும் அதைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டினார்.

கறுப்பு வெள்ளைப் படத்தை ஏஐ ஆப்ல போட்டு கலர் பண்ணி, முகத்தையும் தெளிவாக்கிட்டேன். அதைக் கொண்டுவரலாமா?

மூலப் படத்தையும் கூடவே கொண்டுவந்தால் சரி. அந்த ஆப் மங்கிப்போன முகத்தை மீட்பதில்லை, இப்படி இருந்திருக்கலாம் என்று ஒரு முகத்தை வரைந்து வைக்கிறது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உங்கள் தாத்தாவின் கண் அது இல்லை. கீழக்கரைப் பையன் ஒருவன் தன் ராத்தம்மாவின் கல்யாணப் படத்துக்கு இப்படிக் கலர் போட்டுக் காட்டினான். சேலை நீலமாக வந்திருந்தது. அவர் பார்த்துவிட்டு, "இது அரக்குச் சேலைடா, கொழும்பிலேர்ந்து வந்தது" என்றார். அந்த ஒரு வரிக்காகவாவது, கலர் போடுவதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

எங்க வீட்டுப் பொம்பளைங்க முகத்தை வெளியாளுக்குக் காட்டக்கூடாதுன்னு சொல்றாங்க. அப்ப நான் வர முடியாதா?

வரலாம். படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கதையை மட்டும் சொன்னவர்கள் உண்டு. பெண்கள் பக்கம் மட்டும் காட்டிவிட்டு உறையில் போட்டவர்களும் உண்டு. படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால் அவர் சொல்வதுதான் முடிவு, கொண்டுவந்தவர் சொல்வது இல்லை.

ஒருவர் காட்டும் படத்தை இன்னொருவர் போனில் எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஒரே கண்டிப்பான விதி. மண்டபத்து இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்த ஒரு அக்கா, கடல் கடந்து வந்தபோது அம்மா ரவிக்கைக்குள் வைத்துக் கொண்டுவந்த ஒரு பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் காட்டினார். யாரும் படம் எடுக்க மாட்டோம் என்று உறுதி சொன்ன பிறகுதான் உறையைத் திறந்தார். அவர் சொன்ன கதை அந்த மாடியோடு இருக்கிறது, இங்கேயும் எழுதவில்லை.

ஸ்டுடியோல காசு குடுத்து எடுத்த படம். அதை நான் பிரிண்ட் போட்டா ஸ்டுடியோக்காரர் ஏதாவது சொல்வாரா?

1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். ஆக உங்கள் தாத்தா காசு கொடுத்து எடுத்த குடும்பப் படத்தை நீங்கள் பிரதி எடுப்பதில் சிக்கல் இல்லை. நெகட்டிவ் ஸ்டுடியோவில் இருந்தால் மரியாதையாகப் போய்க் கேளுங்கள். மூடப்போகிற ஸ்டுடியோ என்றால் சீக்கிரம் போங்கள்.

ஒருவர் தன் விருப்பத்துக்கு எடுத்த படம் வேறு. அதன் உரிமை எடுத்தவருக்கு. இன்றைய சட்டப்படி அவர் வாழ்நாள் முழுக்கவும், அதற்குப்பின் 60 வருஷமும். நண்பர் எடுத்த படத்தைக் கொண்டுவந்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள், அவரையே அழைத்துவந்தால் இன்னும் நல்லது.

அப்பா ஆமையைத் தூக்கிட்டு நிக்கிற படம் இருக்கு. இன்னொன்னுல கடல் அட்டை காயப்போட்டிருக்கு. காட்டினா பிரச்சினையா?

வருஷத்தைச் சொல்லிக் காட்டுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல், கடல் அட்டை (கடல் வெள்ளரி என்ற உயிரினம்) பிடிக்கத் தடை வந்தது 2001இல். அதற்கு முன் இந்தக் கரையில் கடலில் முங்கி அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தத் தொழிலின் கதையை அந்தப் படங்கள்தான் சொல்லும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆமையைத் தூக்கிய அப்பா பின்னாளில் வலையில் மாட்டிய ஆமையை விடுவித்தாரா என்று கேட்டோம். இரண்டு தடவை வலையையே வெட்டி விட்டாராம். அதையும் பின்பக்கம் எழுதச் சொன்னோம்.

நேற்றுப் பிடித்து இன்றைக்கு எடுத்த படம் என்றால் கொண்டுவராதீர்கள்.

டிரோன்ல எடுத்தது?

உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, கடல் எல்லையும் பக்கம். அனுமதி வாங்கி எடுத்தது என்றால் வாருங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

பாசி எடுக்கிற பொம்பளைங்களை நான் எடுத்த படத்துக்குப் பரிசு கிடைச்சுது. எனக்கு ரொம்பப் பிடிச்ச படம். ஆனா அவங்களைக் கேட்டு எடுக்கல. கொண்டுவரலாமா?

கொண்டுவருவதற்கு முன்னால் ஒரு பிரிண்ட் போட்டுக்கொண்டு போய் அவர்களிடம் கொடுங்கள். சின்னப்பாலத்திலோ வேறு எங்கேயோ, எடுத்த இடம் உங்களுக்குத் தெரியும். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கிப் பாசி பறிக்கிற பெண்ணை நாம் "கடல் மகள்" என்று தலைப்புப் போட்டு மாட்டுகிறோம். அவருக்கும் பெயர் இருக்கிறது. எத்தனை வயதில் கடலில் இறங்கினார், விரல் எங்கே கிழிந்தது, அன்றைக்கு எத்தனை கிலோ கிடைத்தது என்று அவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. கேட்காமல் எடுத்த படத்துக்கு நீங்கள் சொல்லும் கதை உங்கள் கேமராவின் கதையாகத்தான் இருக்கும்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அப்படியே பிரிண்ட்டோடு போனார். ஒருவர் சந்தோஷப்பட்டு, பெயர் சொல்லி, படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டார். இன்னொருவர், "ஈரச் சேலையோட எடுத்திருக்கீக தம்பி, இதை யாருக்கும் காட்டாதீக" என்றார். அந்த இரண்டாவது படத்தை எடுத்தவரே அழித்துவிட்டார். சரியாகச் செய்தார் என்று நினைக்கிறேன்.

ஒரே படத்துக்கு அண்ணன் ஒரு கதை சொல்றாரு, நான் ஒண்ணு சொல்றேன். எது சரி?

இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்று பெயரோடு. வருஷம், இடம் மாதிரி விஷயமாக இருந்தால் முன்னால் சொன்ன அடையாளங்களை வைத்துச் சரிபார்க்கலாம். அம்மா அன்றைக்கு அழுதாரா இல்லையா என்பதைக் காகிதம் சொல்லாது.

கடலுக்குப் போய்த் திரும்பாதவர் படம். காட்டணும்னு ஆசை, ஆனா பேச முடியுமான்னு தெரியல.

முடிந்த நாளில் வாருங்கள். பேச முடியாவிட்டால் படத்தை நடுவில் வைத்துவிட்டுச் சும்மா உட்காரலாம், நாங்களும் உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு சாயங்காலம் நடந்திருக்கிறது. மற்றவர்கள் அன்றைக்குத் தங்கள் படங்களை எடுக்கவே இல்லை. அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு இல்லை என்று வருத்தப்படுகிறவர்கள், கூட மீன்பிடித்தவர்களின் போன்களில் தேடச் சொல்லுங்கள். படகில் சாப்பிடும்போது யாராவது எடுத்திருப்பார்கள்.

போன மாசம் காட்டின படத்தையே மறுபடி கொண்டுவரலாமா?

கொண்டுவாருங்கள். வல்லம் இறக்கும் படத்தைக் கொண்டுவந்தார் என்று சொன்னேனே, அந்த மண்டபத்து அண்ணன் அதையே மூன்று தடவை கொண்டுவந்தார். மூன்றாவது தடவை 1200இல் ஸ்கேன் செய்து பெரிதாக்கிய பிரிண்ட்டோடு வந்தார். அன்றைக்குப் பாம்பனிலிருந்து படகு கட்டும் ஆசாரி ஒருவர், வயதானவர், முதல்தடவை வந்திருந்தார். ஓரத்தில் நின்ற பையனின் முகத்தை அவர் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். நாங்கள் குச்சி என்று நினைத்தது கொட்டாப்புளி, ஆசாரிகளின் மரச் சுத்தியல். "இது எங்க அண்ணன் மகன்ல? அந்த வருஷ லீவுக்கு எங்ககூட வேலைக்கு வந்தான்" என்று பெயரைச் சொன்னார்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, பழைய படத்தைக் கவிழ்த்து, "தெரியவில்லை" என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதினார். அந்தப் பையன் இப்போது உப்பூரில் இருக்கிறாராம், பேரன் பேத்தி எடுத்துவிட்டார். அடுத்த மாதம் அவரை அழைத்துவர வேன் பேசியிருக்கிறோம்.